மல்லாட்டைக் காட்டின் மணிச்சத்து

ஆடிப்பட்டத்துக்கு மழை விழுந்துவிட்டால் திருவண்ணாமலை வட்டாரத்து உரக்கடைகளில் ‘சூப்பர்’ என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். “சூப்பர் நாலு மூட்டை போடுங்க” என்றால் போதும், கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். சாம்பல் நிறத்தில் தூளாகவோ குருணையாகவோ இருக்கும் உர மூட்டைகள் வண்டியில் ஏறும். மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் முழுப்பெயர் சிங்கிள் சூப்பர் பாஸ்பேட். வேளாண்மை அலுவலர்கள் அதை மணிச்சத்து உரம் என்பார்கள். அது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் மல்லாட்டைக் காடு. மணிலாக்கொட்டை என்ற பெயர் நாக்கில் தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, பிறகு மல்லாட்டையாகிவிட்ட ஊர் இது.

உழவர்கள் சொல்லும் மூன்று சத்துகளில் தழைச்சத்து நைட்ரஜன், சாம்பல் சத்து பொட்டாஷ், மணிச்சத்து பாஸ்பரஸ். மணி என்றால் தானியம். இந்த மூன்று பெயர்களில் மிகப் பொருத்தமானது மணிச்சத்துதான். ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நின்றால் அது பாஸ்பேட். செடி மண்ணிலிருந்து உறிஞ்சும் பாஸ்பேட்டின் பெரும்பங்கை, கதிர் முற்றும் காலத்தில் விதைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. விதை முளைக்கும்போது புதுச் செல்கள் உருவாக வேண்டும். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு முழு டி.என்.ஏ. வேண்டும். அந்த டி.என்.ஏ.வின் முதுகெலும்பிலேயே பாஸ்பேட் இருக்கிறது. வேர்விட்டு மண்ணைத் துழாவும் வரை குருத்துக்குத் தேவையானதைத் தாய்ச்செடி முன்கூட்டியே மணிக்குள் கட்டிக்கொடுத்து அனுப்புகிறது.

தழைச்சத்தைப் போலப் பாஸ்பேட் காற்றிலிருந்து வருவதில்லை. நைட்ரஜனை மல்லாட்டையின் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்தே பிடித்துத் தந்துவிடும். பாஸ்பேட்டுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. பாறையில் இருக்கும், மண்ணில் இருக்கும், உயிரில் இருக்கும். ஓரிடத்திலிருந்து எடுத்தால்தான் இன்னோரிடத்தில் சேரும். திருவண்ணாமலைச் சீமையின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை இந்த ஒரு பொருளின் போக்குவரத்தாகவே எழுதிவிடலாம்.

முதலில் பாறை. வட தமிழகத்தின் அடித்தளமாக இருக்கும் பழைய படிகப் பாறைகளுக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது. அவற்றினுள் மணல்துகள் அளவில் அபடைட் என்ற பாஸ்பேட் கனிமம் ஆங்காங்கே சிதறிக் கிடக்கிறது. வெயிலும் மழையும் அரித்து அரித்து அதில் ஒரு துளி மண்ணுக்கு வரும். மழைநீர் அதைச் சரிவில் இழுத்துக்கொண்டு வந்து ஏரியில் தள்ளும். கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டிக்கொண்டு வண்டல் எடுத்து வயலில் கொட்டும் வழக்கம் இதனால்தான் பலன் தந்தது. மேட்டிலிருந்து கீழே போன சத்தை மனிதர்கள் மாட்டுவண்டியில் மறுபடி மேட்டுக்கு ஏற்றினார்கள். அறுவடை முடிந்த கொல்லையில் ஆட்டுக்கிடை போடுவதும் அதே கணக்குத்தான். பகலெல்லாம் கரட்டிலும் புறம்போக்கிலும் மேய்ந்த ஆடுகள் அங்கிருந்த சத்தை இரவில் உழவரின் நிலத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போகும்.

வறட்டியின் கதை கொஞ்சம் வேறு. சாணத்தை எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். மணிச்சத்து போகாது, சாம்பலிலேயே தங்கிவிடும். அடுப்புச் சாம்பலைக் குப்பைமேட்டில் கொட்டி, பிறகு வயலுக்குக் கொண்டுபோன வீடுகளில் அது வீணாகவில்லை. திருநீறும் முறைப்படி பசுஞ்சாணத்தைச் சுட்டெடுப்பதுதான். அண்ணாமலையார் சன்னிதியில் நெற்றியில் இட்டுக்கொள்ளும் வெண்மையில் கால்சியத்தோடும் சிலிகாவோடும் பாஸ்பேட்டும் இருக்கிறது. எல்லாம் எரிந்த பிறகும் எஞ்சுவதைத்தான் நீறு என்கிறோம். வேதியியல் சொல்வதும் அதையேதான்.

இந்த உள்ளூர்ச் சுற்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உடைந்தது. பிரான்ஸின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும் வேர்க்கடலையைத் தேடி அலைந்த காலம் அது. பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர் கையில் புதுச்சேரித் துறைமுகம் இருந்தது. தென்னார்க்காட்டின் செம்மண் காடுகள் மணிலாவுக்கு மாறின. அப்போது திருவண்ணாமலையும் தென்னார்க்காட்டைச் சேர்ந்த ஊர். வடார்க்காட்டோடு அது இணைந்தது 1911-ல்தான். கம்பும் வரகும் விளைந்த இடத்தில் பணப்பயிர் வந்ததும் குடியானவர் கையில் காசு புழங்கியது. ஆனால் கம்பு ஊருக்குள்ளேயே தின்னப்பட்டு ஊருக்குள்ளேயே எருவாகியது. மணிலாவோ கப்பலேறியது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மல்லாட்டையைச் செக்கில் ஆட்டினால் மணிச்சத்து எண்ணெயோடு போவதில்லை. அநேகமாக முழுவதும் பிண்ணாக்கில் நின்றுவிடும். செக்கெண்ணெயின் அடியில் படியும் மண்டியில் கொஞ்சம் பாஸ்போலிப்பிட் இருக்கும். செல்லின் மேல்தோலாக நிற்கும் அந்தப் பாஸ்பேட் கொழுப்பைத் தவிர எண்ணெயில் வேறு பெரிதாக இல்லை. உள்ளூரில் ஆட்டி எண்ணெயை மட்டும் விற்றிருந்தால் பிண்ணாக்கு மாட்டுக்கும், மாட்டின் சாணம் மண்ணுக்கும் திரும்பியிருக்கும். பருப்பாகவே ஏற்றுமதியானபோது நிலத்தின் பாஸ்பேட்டும் சேர்ந்தே கடல் தாண்டியது. 1890-களில் மணிலாப் பயிர் நலிந்து, மொரீஷியஸ், மொசாம்பிக் வழியாக வந்த புது விதையால்தான் மீண்டும் தலையெடுத்தது. நோயும் விதைச் சோர்வும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆண்டுக்காண்டு மண்ணிலிருந்து மூட்டைமூட்டையாக வெளியேறிய சத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

எலும்பும் போனது. ஊர்ப்புறங்களில் செத்த மாடுகளின் எலும்புகளைப் பொறுக்கி, ரயிலேற்றி, துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பும் வியாபாரம் அப்போது இந்தியா முழுவதும் நடந்தது. பொறுக்கிய கைகள் யாருடையவை என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையைச் சாதி யார் தலையில் கட்டியதோ அவர்களுடைய கைகள்தான். எலும்புத்தூளை உரமாகத் தொட மறுத்த உழவர்களும் இருந்தார்கள். வளர்ந்த மனித உடலில் இருக்கும் சுமார் 700 கிராம் பாஸ்பரஸில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. மாட்டுக்கும் ஏறக்குறைய அதே பங்குதான். ஒரு நாட்டின் எலும்பை விற்பதென்றால் அதன் நிலத்தின் மணிச்சத்தையே விற்பதுதான். 1889 முதல் 1891 வரை இந்தியா முழுக்கச் சுற்றிய ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1893-ல் வெளியிட்ட அறிக்கையில் எலும்பு ஏற்றுமதி, சாணத்தை விறகாக எரிப்பது இரண்டையுமே விரிவாகப் பேசினார்.

அதே 1893-ல் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு புதையல் கணக்கெடுக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளிச் சீமையில் பெரம்பலூர், ஊட்டத்தூர் பக்கம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அந்தக் கடலடிக் களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் புதைந்து கிடக்கின்றன. 200 அடி ஆழம் வரை எண்பது லட்சம் டன் இருக்கலாம் என்று எச். வார்த் என்ற நிலவியலாளர் மதிப்பிட்டார். உருண்டைகளை மாவாக இடித்துத் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கு உரமாக விற்கச் செய்த முயற்சிகள் எடுபடவில்லை. அவை களிமண்ணில் சீராக இல்லாமல் விட்டுவிட்டுக் கிடந்தன, தோண்டுகிற கூலி கட்டாது. அதோடு பாறைப் பாஸ்பேட் தண்ணீரில் எளிதில் கரையாது. மண்ணில் போட்ட தூள் அப்படியே கிடக்கும், வேர் அதைத் தொட நாளாகும்.

கரைய வைக்கும் வழி இங்கிலாந்தில் ஏற்கெனவே பிறந்திருந்தது. ஜான் பென்னட் லாஸ் என்ற பண்ணைக்காரர் எலும்பின் மேலும் பாறையின் மேலும் கந்தக அமிலத்தை ஊற்றி 1842-ல் காப்புரிமை வாங்கினார். அமிலம் பட்டதும் கரையாத கால்சியம் பாஸ்பேட் கரையும் பாஸ்பேட்டாக மாறும், கூடவே ஜிப்சமும் உண்டாகும். அந்தக் கலவைதான் சூப்பர் பாஸ்பேட். அதில் மணிச்சத்து 16 சதவீதம், மேலும் கால்சியமும் கந்தகமும். மல்லாட்டைக்கு இதைவிட ஏற்ற கூட்டு அமைவது அபூர்வம். பூ உதிர்ந்தபின் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காயாகும்போது கால்சியம் இல்லாவிட்டால் காய் பொக்கையாகிவிடும். எண்ணெய் ஏறக் கந்தகம் வேண்டும்.

அந்தச் சூப்பர் பாஸ்பேட் இந்தியாவில் முதன்முதலாகத் தயாரான இடம் ராணிப்பேட்டை. செஞ்சிக்கோட்டைத் தேசிங்குராஜனின் மனைவி நினைவாகப் பெயர் பெற்ற ஊர் என்று சொல்வார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற வாலாஜா ரோடு அதற்குப் பக்கத்தில்தான். அங்கே 1906-ல் பாரி நிறுவனத்தார் ஆண்டுக்கு 6,000 டன் திறனுள்ள ஆலையைத் தொடங்கினார்கள். நாட்டின் ரசாயன உரத்தொழில் தன் வயதை எண்ணுவது அந்த ஆண்டிலிருந்து. மூன்று ஆண்டு கழித்து, 1909-ல், கோயம்புத்தூரில் நிரந்தர உரச் சோதனை வயல்கள் தொடங்கின. எந்தச் சத்தைக் கொடுத்தால் என்ன ஆகும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரே பாத்தியில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவரும் வயல்கள் அவை.

உரம் கைக்கு வந்துவிட்டது. அது உயிருக்குள் போய் என்ன செய்கிறது? அந்தக் கேள்விக்குப் பெரும் விடை ஒன்றைக் கண்டவர் சென்னையில் படித்து, சென்னையில் மனம் நொந்து, கப்பலேறிப் போனவர்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் குரலைக் கேட்டு அறுவை அரங்கிலும் கதராடை அணிந்தார். அது அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், ஒருபடி தாழ்ந்த எல்.எம்.எஸ். தான் கைக்கு வந்தது. உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்ற கழிச்சல் நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். தனக்கும் வந்த அந்நோய் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தில் குணமானது. பிறகு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தார். 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்து, வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் எடுபிடி வேலை செய்துகொண்டே ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் முதலில் செய்தது ஓர் அளவுகோல். ரத்தத்திலோ சிறுநீரிலோ தசையிலோ எவ்வளவு பாஸ்பேட் இருக்கிறது என்று சொல்ல அப்போதிருந்த வழிகள் தொல்லை பிடித்தவை. ஃபிஸ்க்கும் சுப்பாராவும் 1925-ல் வெளியிட்ட முறை எளியது. அமிலம் கலந்த மாலிப்டேட் கரைசலைச் சேர்த்தால் அது பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனைப் பறிக்கும் இன்னொரு பொருளை விட்டால் கரைசல் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். இன்றைக்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் செய்முறை ஏட்டில் இந்த இரு பெயர்களையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

அந்த நீலமே அடுத்த கண்டுபிடிப்புக்கும் கதவு திறந்தது. தசைச்சாற்றைச் சோதித்தபோது நிறம் ஒரேயடியாக வந்து நிற்கவில்லை, நேரம் போகப்போக ஏறிக்கொண்டே இருந்தது. வேறொருவர் கருவிப் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. எதிலோ கட்டுண்டிருக்கும் பாஸ்பேட் அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்கிறது என்று கண்டுகொண்டார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின், ஆண்டு 1927. லண்டனில் எக்கில்டன் தம்பதியும் அதே பொருளை அப்போது எட்டியிருந்தார்கள். 1929-ல், செல்லுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. பிடிபட்டது. ஜெர்மனியில் கார்ல் லோமானும் ஹார்வர்டில் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தனித்தனியே அதைத் தசையில் கண்டார்கள்.

ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. மூன்றும் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். கடைசி ஒன்று கழன்று நீரோடு சேரும்போது எல்லாம் இறுக்கம் தளர்ந்து அமைதியாகின்றன, செல் பயன்படுத்தும் சக்தி அந்தத் தளர்வில் கிடைக்கிறது. உடம்பில் எந்நேரமும் இருக்கும் ஏ.டி.பி. கொஞ்சம்தான். ஆனால் அதே பாஸ்பேட்டுகள் கழன்றும் கோத்தும் சுழல்வதில் ஒரு மனிதர் ஒரு நாளில் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏ.டி.பி. ஏறத்தாழ அவருடைய உடல் எடைக்குச் சமம். பௌர்ணமியில் 14 கிலோமீட்டர் நடந்து அண்ணாமலையைச் சுற்றும் கால்களுக்குள் நடப்பது இதுதான். மல்லாட்டை வேர்முடிச்சுக்குள் நடப்பதும் இதுதான். காற்றின் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க அந்தப் பாக்டீரியா குறைந்தது 16 ஏ.டி.பி.யைச் செலவழிக்கிறது. சூப்பர் போடாத நிலத்தில் தழைச்சத்தும் குறைவதன் ரகசியம் பாதி இங்கே இருக்கிறது.

டி.என்.ஏ.விலும் முதலில் கண்ணில் பட்டது பாஸ்பரஸ்தான். புதுச்சேரியில் மணிலா மூட்டைகள் கப்பலேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1869-ல், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃபிரெட்ரிக் மீஷர் என்ற இளைஞர் மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் ஒட்டியிருந்த சீழைக் கழுவிச் செல்களின் உட்கருவைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து கிடைத்த பொருள் புரதத்தைப் போல நடந்துகொள்ளவில்லை. கந்தகம் இல்லை, பாஸ்பரஸோ ஏராளம். நியூக்ளின் என்று பெயரிட்டார். அவருடைய ஆசிரியர் ஹோப்பே சைலர் நம்பமுடியாமல் தானே மறுபடி செய்து பார்த்த பிறகுதான் 1871-ல் அச்சில் விட்டார்.

பாஸ்பேட்டை எங்கே வைப்பது என்பதில் பெரிய மேதைகளே சறுக்கினார்கள். 1953-ன் தொடக்கத்தில் லைனஸ் பாலிங் வெளியிட்ட மாதிரியில் மூன்று இழைகள், பாஸ்பேட்டுகள் நடுவில். எதிர்மின்னூட்டங்கள் நடுவில் நெருங்கினால் மூலக்கூறு சிதறிவிடும். பாஸ்பேட் வெளிப்பக்கம்தான் இருக்கவேண்டும் என்று ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் தன் எக்ஸ்ரே படங்களை வைத்து 1951-லேயே சொல்லியிருந்தார். 1953-ல் வாட்சனும் கிரிக்கும் கட்டிய இரட்டைச் சுருளில் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறிமாறி வெளிக்கைப்பிடியாக ஓடின. ஒரு மனித செல்லில் ஏறத்தாழ 640 கோடிப் படிகள். படிக்கு இரண்டு பாஸ்பேட் என்றால் 1,280 கோடி. அத்தனையும் ஆறு மைக்ரான் அகல உட்கருவுக்குள்.

இயற்கை ஏன் பாஸ்பேட்டையே தேர்ந்தெடுத்தது என்று 1987-ல் ஃபிராங்க் வெஸ்ட்ஹைமர் என்ற வேதியியலாளர் ஒரு கட்டுரையில் கேட்டுப் பதிலும் சொன்னார். பாஸ்பேட் இரண்டு பக்கமும் கைகோத்த பிறகும் ஒரு எதிர்மின்னூட்டத்தை மிச்சம் வைத்திருக்கிறது. அதனால் நீர் அதைத் தாக்கி உடைப்பது மிகமிகக் கடினம், செல்லின் கொழுப்புத் தோலைத் தாண்டி அது வெளியே கசிவதும் இல்லை. அதே பிணைப்பை ஒரு நொதி கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். கெட்டியாக நிற்கவும் வேண்டியபோது அவிழவும் தெரிந்த முடிச்சு அது.

சுப்பாராவின் வாழ்வும் டி.என்.ஏ.வின் வாசலில்தான் போய் நின்றது. ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்காமல் 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்புரூவுக்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழு 1945-ல் செயற்கையாக உருவாக்கியது. பிறகு அதற்கு எதிரிப் பொருள்களையும் செய்தார்கள். ஃபோலிக் அமிலம் தடைபட்டால் செல்லால் புது டி.என்.ஏ. கட்டமுடியாது. சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அந்த எதிரிப் பொருள்களில் ஒன்றைக் கொடுத்து ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொஞ்சகால நிவாரணம் கண்டார். இன்றும் மருந்துக்கடையில் கிடைக்கும் மெத்தோட்ரெக்சேட் அந்த வரிசையில் வந்தது. 1948 ஆகஸ்டு 8 அன்று சுப்பாராவ் நியூயார்க்கில் இறந்தார். இந்தியா அவர் படத்தைத் தபால்தலையில் போட்டது நூற்றாண்டான 1995-ல். சென்னையில் இவ்வளவு படித்த ஒருவரை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கவேண்டும்.

மல்லாட்டைக் காட்டில் இன்று பிரச்சினை வேறு. செம்மண்ணின் சிவப்பு இரும்பால் வந்தது. போட்ட பாஸ்பேட்டில் பெரும்பகுதியை அந்த இரும்பும் அலுமினியமும் கட்டிப்போட்டுவிடும், அந்தப் பருவத்துப் பயிருக்குக் கிடைப்பது சிறுபங்கு. பாஸ்போபாக்டீரியா பொட்டலத்தை எருவில் கலந்து இடச்சொல்வது, கட்டுண்டதை அமிலம் சுரந்து அவிழ்க்கும் நுண்ணுயிர் அதில் இருப்பதால். இந்தியாவுக்குத் தேவையான பாறைப் பாஸ்பேட்டில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வருகிறது. இத்தனைக்கும் பழைய வடார்க்காட்டுக்குள்ளேயே, திருப்பத்தூர் பக்கத்துச் சேவத்தூரில், அபடைட் கலந்த கார்பனடைட் பாறை இருக்கிறது. இலங்கையில் அநுராதபுரம் மாவட்டத்து எப்பாவல பாறையும் இதற்கு உறவுக்காரன் மாதிரிதான். அங்கே அமிலம் ஊற்றாமல் தூளாகவே அரைத்துத் தேயிலைக்கும் தென்னைக்கும் ரப்பருக்கும் இடுகிறார்கள். அதை வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுக்கும் திட்டம் 2000-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடைபட்டது.

உழவர் தன் கொல்லையில் நாலைந்து இடத்தில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, பக்கவாட்டில் மண் சீவி, நிழலில் உலர்த்தி, அரைக்கிலோவைத் துணிப்பையில் கட்டி மண் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறார். அங்கே மண்ணைக் குலுக்கி வடித்த நீரில் மாலிப்டேட் விடுகிறார்கள். சிறிது நேரத்தில் கண்ணாடிக் குழாயில் நீலம் ஏறுகிறது. கருவி அதன் அடர்த்தியை எண்ணாக்க, மண்வள அட்டையில் மணிச்சத்துக்கு நேராக ‘குறைவு’ என்றோ ‘மத்திமம்’ என்றோ எழுதிக் கொடுக்கிறார்கள். எத்தனை மூட்டை சூப்பர் என்பது அதற்குக் கீழே.